முதுமையும் துயிலும்

சங்கப் பாடல்களிலே துயில் இழந்தோர் பலரைச் சந்திக்கிறோம். அவர்களுட் பெரும்பாலார் காதல் வயப்பட்டவர். ஊர் முழுதும் உறங்கிய பின்பும் தாம் உறங்காது கிடந்து, வீட்டின் அயலிலே நின்ற நொச்சியின் மலர்கள் உதிரும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தோழியொருத்தி தலைவனுக்கு உணர்த்தும் பாட்டு ஒன்று குறுந்தொகையில் உண்டு. கொல்லன் அழிசி என்னும் புலவர் பாடியது. அதனை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உயர் வகுப்பு மாணவர்க்குப் படிப்பித்தேன். மலர் உதிரும் ஓசையும் செவியில் விழுமாயின் அவ்விரவு எத்துணை அமைதியாக இருந்திருக்க வேண்டும் என்று விளக்கம் கூறுவேன். அந்த விளக்கம் குறையுடையது என்பதை எழுபது வயதைத் தாண்டிய பின்னரே அறிந்தேன். இரவின் அமைதி அவ்வளவு வேண்டியதில்லை; கேட்பவருக்குத் துயில் வராதிருந்தாற் போதும்.

என் வீடு திருகோணமலையின் உட்துறைமுகத்துக்கு அண்மையில் உள்ளது. இரவு இரண்டு மணிக்கு அங்கே கேட்கக்கூடிய ஓசைகள் அனைத்தும் எனக்குப் பழக்கமானவை. முற்றத்து வேம்பின் பழம் தகரக் கூரையில் விழும். நங்கூரமிட்டு நிற்கும் கப்பலில் இயந்திரம் ஓயாது முனகும். எங்கோ ஒரு நாய் குரைக்க, அதற்கு இன்னொரு நாய் விடையிறுக்கும். மூன்றரை மணியளவில் மீன்பிடிக்கப் போகும் வள்ளங்களின் ஒலி தொடங்கும். பின்னர் பள்ளிவாசலின் பாங்கும் கோயிலின் மணியும். இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிக்கொண்டு கிடந்த இரவுகள் எத்தனையோ.

2011ஆம் ஆண்டு ஆசிரியத் தொழிலினின்றும் இளைப்பாறினேன். அதன்பின் சில ஆண்டுகளில் என் மனைவி காலமானாள். ஒரே மகள் கொழும்பிலே குடும்பத்துடன் வாழ்கிறாள். பகற்பொழுதை எவ்வாறு போக்கினேன் என்று கேட்டால், சாய்மனைக் கதிரை என்ற ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். காலையிற் பத்திரிகை, பகலிற் புத்தகம், உண்டபின் இரண்டு மணி நேர உறக்கம், மாலையிற் சாயத் தேநீர், மறுபடியும் கதிரை. இரவு எட்டு மணிக்கெல்லாம் அந்தக் கதிரையிலேயே கண் சொருகிவிடும். எழுந்து கட்டிலுக்குப் போய்ப் படுத்தாலோ இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். பிறகு விடியும்வரை வேப்பம்பழங்கள்தாம்.

இதற்கு மருந்தாக ஒருவர் எனக்கு நித்திரைக் குளிசை எழுதித் தந்தார். முதல் மாதம் அமிர்தமாயிருந்தது. மூன்றாம் மாதம் ஒன்று போதவில்லை. ஒரு நாள் நள்ளிரவில் எழுந்து பின்வாசல் வழியே கிணற்றடிக்குப் போனவன், மயக்கம் தெளியாத கால் இடற, சீமெந்துத் தரையில் விழுந்தேன். இடது மணிக்கட்டு முறிந்தது. அயலார் எழுந்து வந்து தூக்கும்வரை அரைமணி நேரம் அவ்விடத்திலேயே கிடந்திருப்பேன். இத்தகைய குளிசைகள் முதியோரைத் தள்ளாடச் செய்து வீழ்த்தக்கூடும் என்றும், இயன்றவரை அவற்றைத் தவிர்க்க வேண்டும் என்றும் மருத்துவ நூல்கள் எச்சரிப்பதைப் பின்னரே அறிந்தேன். முதுமையில் ஒரு வீழ்ச்சி என்பது எத்தகையது என்பதை முதியோர் அறிவர். மணிக்கட்டோடு போனது என் நல்லூழ்.

செய்தியறிந்து மகள் வந்தாள். “இனி நீங்கள் இங்கே தனிய இருக்க ஏலாது அப்பா. என்னோடை வாங்கோ” என்றாள். கொழும்பிலே ஐந்தாம் மாடியில் அவளுடைய வீடு. அன்புக்குக் குறைவில்லை. ஆயினும் பிறந்த ஊரையும், மனைவியோடு வாழ்ந்த வீட்டையும், சாளரத்தைத் திறந்தால் வீசும் துறைமுகக் காற்றையும் விட்டு ஐந்தாம் மாடிக்குப் போவதை நினைத்தபோது நெஞ்சு வறண்டது. ஆறு மாதத் தவணை கேட்டேன். அதற்குள் இரவிலே விழாமல் உறங்கப் பழகாவிட்டால் மறுபேச்சின்றி வருவதாக வாக்களித்தேன். பரீட்சைகளை நடத்தியே பழகியவன் பரீட்சைக்கு அமர்ந்த கதை இவ்வாறு தொடங்கிற்று.

எங்கள் ஒழுங்கையின் கோடியில் முதியவர் ஒருவர் இருக்கிறார். என்னிலும் நான்கு வயது மூத்தவர். ஆதலால் அவரை அண்ணை என்றே அழைப்பேன். இளமை முழுதும் கரைவலை இழுத்தவர். அத்தொழிலை அறியாதவர்க்கு ஒரு வார்த்தை: தோணியிலே வலையை ஏற்றிச் சென்று கடலில் அரைவட்டமாக வளைத்துவிட்டு, அதன் இரு கயிறுகளையும் கரையிலிருந்து இரு சாராராக நின்று இழுப்பார்கள். மடி கரைக்கு வந்து சேர மணிக்கணக்காகும். மணலிலே குதிகாலைப் புதைத்து, உடலைப் பின்னே சாய்த்து, அடிமேல் அடியாக இழுக்கும் அவ்வேலையில் உழைக்காத தசை ஒன்றும் உடம்பில் இராது. அண்ணை கூறுவார்: “அந்தக் காலத்தில நாங்கள் நித்திரையைத் தேடிப் போனதில்லை மாஸ்டர். வாடிக்குள்ள சாரத்தால மூடிக்கொண்டு சரிஞ்சால், அது வந்து எங்களை அமத்திப்போடும்.” அவ்வாறு கூறியவர் அடுத்த மூச்சிலேயே, கயிற்றை விட்ட நாள்முதல் தமக்கும் உறக்கம் போய்விட்டதென்றார். நான் ஒழுங்கையின் இக்கோடியிலும் அவர் அக்கோடியிலுமாக ஒரே இரவை இருவரும் காவல் காத்திருக்கிறோம்!

“கோணேசரட்ட நடந்து பாப்பமா?” என்று கேட்டவர் அவரே.

திருகோணமலையைக் காணாத வாசகர்க்காக அவ்வழியைச் சிறிது கூறவேண்டும். நகரின் கிழக்கே கடலுக்குள் நீண்டு நிற்கும் மலைமுனையில், சம்பந்தர் பாடிய கோணேசர் கோயில் இருக்கிறது. போர்த்துக்கீசர் பழைய கோயிலை இடித்து 17ஆம் நூற்றாண்டில் அங்கே கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் கைக்கும் பின்னர் ஆங்கிலேயர் கைக்கும் மாறிய அக்கோட்டை இன்று பிரட்றிக் கோட்டை எனப்படுகிறது. அதன் வாயிலினூடாகப் புகுந்து, மரநிழலிலே புள்ளிமான்கள் படுத்திருக்கும் இடங்களைக் கடந்து, இராணுவ முகாமின் அயலாக ஏறினால் சுவாமிமலை வந்துவிடும். முடிவிலே மூன்று புறமும் கடல். கீழே நோக்கினால் தலை சுற்றும் செங்குத்தான பாறை. ஏற்றம் கடுமையானதன்று. ஆயினும் ஆண்டுக்கணக்காகக் கதிரையில் இருந்த கால்களுக்கு அது கைலாயத்தையே ஏறுவது போலிருந்தது.

முதல் நாள் விடியற்காலை ஏறி இறங்கினோம். அன்றிரவு தாலாட்டுப் பாடாமலே உறங்குவேன் என்று நம்பினேன். இரண்டு மணிக்கு வேப்பம்பழம் விழுந்தது. இரண்டாம் நாளும் அவ்வாறே. நான்காம் நாள் காலை, கண்ணெரிச்சலும் தலைப்பாரமுமாக எழுந்தவன், அண்ணை படலையில் வந்து கூப்பிட்டபோது, “ராத்திரி ஒரு பொட்டு நித்திரை இல்லை அண்ணை, இண்டைக்கு என்னை விடுங்கோ” என்று அனுப்பிவிட்டேன். அதன்பின் இரு வாரம் போகவில்லை.

அக்காலத்திலே, என்னிடம் படித்து இன்று மருத்துவராய் விளங்கும் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்தவர் என்னைக் காணவும் வந்தார். கைக்கட்டைப் பார்த்தார், கதையைக் கேட்டார். நான்கு நாள் நடந்தும் பயனில்லை என்ற என் முறைப்பாட்டை முடிக்கவிட்டு, மிகுந்த மரியாதையோடு, “சேர், நாலு நாள் பள்ளிக்கூடம் வந்த பிள்ளைக்கு நீங்கள் சோதனை வைச்சுப் பெயில் போடுவீங்களா?” என்றார். அன்று மாலை முழுவதும் நான் மாணவனாகவும் அவர் ஆசிரியராகவும் இருந்தோம். அவரிடம் கேட்டதையும், அவர் கொடுத்த கட்டுரைகளில் நானே படித்ததையும் என் மொழியிற் சொல்கிறேன்.

உறக்கம் இரண்டு விசைகளால் வருகிறது என்ற கருத்தை 1982இல் சுவிற்சர்லாந்து அறிஞர் அலெக்சாண்டர் போபெலி முறைப்படுத்திக் கூறினார். ஒன்று, விழித்திருக்க விழித்திருக்க ஏறிக்கொண்டு போகும் உறக்கப் பசி. மூளை உழைக்கும்போது அதிலே அடினோசீன் என்னும் பொருள் சேர்கிறது, அது சேரச் சேர உறக்கம் அமுக்குகிறது, உறங்கியபின் குறைகிறது. தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் அந்த அடினோசீன் அமரவேண்டிய ஆசனத்திலே தான் அமர்ந்துகொண்டு, பசி இருந்தும் தெரியாதபடி செய்துவிடுகிறது. மாலை ஐந்து மணிக்கு நான் குடித்த சாயத் தேநீரின் ஒரு பகுதி இரவு பத்து மணிக்கும் என் குருதியில் இருந்திருக்கிறது. பகலிலே இரண்டு மணி நேரம் உறங்கியதும் இத்தகையதே. விருந்துக்கு முன் வயிறு நிறைய முறுக்குத் தின்றவன் இலையின்முன் அமர்ந்து பசியில்லையே என்று வருந்தினால் யார் என்ன செய்வது?

மற்றொன்று உடம்பினுள் ஓடும் கடிகாரம். கண் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்கு மேலே, மூளையினுள், அது இருக்கிறது. அதற்குச் சாவி கொடுப்பது கதிரவனின் ஒளி. இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய சங்கதி நினைவுக்கு வந்தது. 1996 மே மாதத்திலே இலங்கையின் மணிக்கூடுகள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுக்கப்பட்டன. 2006 ஏப்பிரலில் மறுபடியும் பழைய நிலைக்கு வந்தன. புதுநேரத்தின்படி எட்டு மணிக்குப் பாடம் தொடங்கிய அந்நாட்களில் முதற் பாடத்திலே பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கொட்டாவி விட்டதும், இலக்கணத்தின் மீதுள்ள வெறுப்பு என்று நான் சினந்ததும் நினைவிருக்கின்றன. சுவர் மணிக்கூட்டுக்கு அரசாங்கம் ஆணையிடலாம். தலைக்குள் இருப்பது சூரியனுக்குத்தான் கீழ்ப்படியும் என்பதை அன்று யார் அறிந்தார்?

முதுமையில் இவ்விரண்டும் தளர்கின்றன. ஆழ்ந்த துயில் நடுவயதிலிருந்தே சுருங்கத் தொடங்குகிறது. இடையிடையே விழிப்புகள் மிகுகின்றன. கடிகாரமோ முந்தி ஓட விரும்புகிறது; முன்னிரவில் தூங்கிவிழுந்து பின்னிரவில் எழும் என் வழக்கம் அதனால் வந்ததே. கண்ணின் வில்லை மஞ்சளித்து, உள்ளே புகும் ஒளியும் குறைகிறது. அதன்மேல் நாமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் கடிகாரத்துக்குப் பகல் எது, இரவு எது என்றே தெரியாமற் போகிறது. முதியோருக்கு உறக்கம் வேண்டியதில்லை என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. அது தவறு. 65 வயதுக்கு மேற்பட்டோருக்கும் ஏழு முதல் எட்டு மணி நேரம் தகும் என்றே அமெரிக்கத் தேசிய உறக்க நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. உறங்கும் ஆற்றலே தளர்ந்தது. தேவை அவ்வளவாகக் குறையவில்லை.

இனி உடற்பயிற்சிக்கு வருவோம். 1997இல் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அபி கிங் என்பாரும் அவர் குழுவினரும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். 50 முதல் 76 வயது வரையான 43 பேர், உட்கார்ந்தே வாழ்பவர், உறக்கக் குறை உள்ளவர். அவருள் ஒரு சாராரை விரைந்து நடத்தல் முதலிய மிதமான பயிற்சிகளில் ஈடுபடுத்தினர். மறு சாராரைக் காத்திருக்கச் செய்தனர். 16 வாரங்களின் பின் பார்த்தபோது, பயின்றவர் படுத்தபின் விரைவாக உறங்கினர், நெடுநேரம் உறங்கினர், தம் உறக்கம் நன்றாயிருக்கிறது என்றும் கூறினர். அதே ஆண்டிலே நளின் சிங் என்பவரும் குழுவினரும், மனச்சோர்வுற்ற முதியோர் 32 பேரை எடுத்து, ஒரு சாராருக்குப் பத்து வாரம் பாரந்தூக்கும் பயிற்சி அளித்தனர். அவர்க்கும் உறக்கம் சீர்ப்பட்டது, சோர்வும் தணிந்தது. இதனை அண்ணையிடம் கூறியபோது அவர் சிரித்தார். “கரைவலை இழுக்கச் சொல்லிக் குடுத்திருக்கிறாங்கள்” என்றார். அவர் கூற்று பெரும்பாலும் சரிதான். ஆயினும் வயிற்றுக்காக இழுக்கும் கயிறும் விரும்பித் தூக்கும் பாரமும் ஒன்றாகா என்பதும் மறத்தற்குரியதன்று. அவர் முதுகு இன்றும் அந்தக் கயிற்றின் கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

வேகமாக நடக்க இயலாதவர்க்கும் வழி உண்டு. சீனத்தின் தாய்ச்சி வகையிலே, மெல்லக் கையையும் காலையும் அசைத்துச் செய்யும் பயிற்சியொன்றை 59 முதல் 86 வயது வரையான 112 பேரிடையே மைக்கல் ஏர்வின் குழுவினர் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டனர். அதுவும் பயன் தந்தது.

எனக்கு மிகப் பயன்பட்ட ஆராய்ச்சி வேறு. சிக்காகோவிலுள்ள நோர்த்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்தார், உறக்கமின்மை நோயுற்ற, 55 வயதும் அதற்கு மேலுமான 17 பேரை வைத்து 2010இல் வெளியிட்ட ஆய்விலும் 16 வாரப் பயிற்சி நன்மையே செய்தது. அதிலே பயிற்சி செய்த பெண்கள் 11 பேரின் நாட்குறிப்புகளை, ஒவ்வொரு நாளாக, கெலி பரோன் என்பவர் பிரித்து ஆராய்ந்து 2013இல் எழுதினார். என்ன கண்டார்? ஒரு நாள் பயிற்சி செய்ததால் அன்றிரவு உறக்கம் கூடவில்லை. நான்கு மாதத்திற் பெற்ற பயன் தனித்தனி நாட்களிற் புலப்படவேயில்லை. ஆனால் மறுதலையாக ஒன்று புலப்பட்டது: உறக்கம் வரத் தாமதித்த இரவுக்கு மறுநாள் அவர்கள் பயிற்சியை விரைவிலேயே முடித்துக்கொண்டனர்.

இதைப் படித்தபோது என்னை யாரோ படலையடியில் ஒளிந்திருந்து பார்த்து எழுதியதுபோல் இருந்தது. “இண்டைக்கு என்னை விடுங்கோ” என்று நான் அண்ணையை அனுப்பிய காலைதானே அது! உறக்கமற்ற இரவு மறுநாள் நடையைத் தின்கிறது. நடையற்ற நாட்கள் சேர்ந்து பல வாரங்களின் உறக்கத்தைத் தின்கின்றன. இவ்வட்டத்தை எங்கேனும் அறுக்கவேண்டும். இரவு நம் கையில் இல்லை. உறங்கு என்று உடம்புக்கு ஆணையிட்டவர் எவரும் வென்றதில்லை. காலை மட்டுமே கையில் உள்ளது. ஆகவே முந்திய இரவைக் கேளாமல் நடப்பது என்று ஒரு விதி செய்துகொண்டேன். ஒரு கொப்பியில் கோடிட்டு, நடந்த நாளுக்கு மட்டும் ஒரு புள்ளி இட்டேன். உறக்கத்தைக் குறிக்கவே இல்லை. பிள்ளையின் வரவைப் பதிவு செய். புள்ளியைப் பிறகு பார்க்கலாம் என்பது பழைய மாணவரின் கட்டளை.

அவர் இன்னொரு திருத்தமும் செய்தார். என் கடிகாரம் முந்தி ஓடுவது. விடியலொளி அதனை இன்னும் முந்தச் செய்யும். ஆகவே நடையை மாலைக்கு மாற்றச் சொன்னார். மாலையொளி அக்கடிகாரத்தைச் சிறிது பின்னுக்கு இழுக்குமாம். இரவு வெகுநேரம் உறக்கம் வராது, காலையில் எழவும் இயலாதிருப்போர்க்கு விடியல் நடையே தகும். கோணேசரைக் காலையிற் காண்பதே முறை என்று அண்ணை சற்று முரண்பட்டார். ஈற்றில், வெள்ளிக்கிழமை மட்டும் காலையில் மலையேறுவது, மற்றைய நாட்களில் மாலை ஐந்து மணிக்கு டச்சுக்குடாக் கரையோரமாக நடப்பது என்று உடன்பாடு கண்டோம். பகலுறக்கத்தை இருபது நிமிடத்துக்குக் குறைத்தேன். மாலைத் தேநீரை விடுவதுதான் எல்லாவற்றினும் கடினமாயிருந்தது.

எவ்வளவு விரைவு வேண்டும் என்பதற்கு மருத்துவர் ஓர் அளவுகோல் சொல்வர்: நடக்கும்போது பேச இயலவேண்டும், பாட இயலாதிருக்க வேண்டும். சுவாமிமலை ஏற்றத்திலே சம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகத்தைப் பாடிப் பார்த்தேன். முதல் இரண்டடிக்குள் மூச்சு வாங்கிற்று. அண்ணையோடு ஊர்வம்பு பேசவோ தடையில்லை. அளவு சரி என்று தெளிந்தேன். இத்தகைய மிதமான உழைப்பை முதியோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மேற்கொள்ளவேண்டும் என்றும், அதனோடு தசைக்கு வலுவூட்டுவனவும் விழாமல் நிற்கப் பழக்குவனவும் சேர்க்கவேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்தது.

டச்சுக்குடாக் கரையில் மாலை வேளைகளில் நடக்கும் முதியவர்களைப் பார்க்கும்போது ஒன்று தோன்றுவதுண்டு. என் தலைமுறையார் நடப்பதை மறந்தது சோம்பலால் மட்டுமன்று. பிரித்தானியர் 1957இல் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துச் சென்றபோது எனக்கு ஆறு வயது. அக்காலத்துத் திருகோணமலை நடந்து திரியும் ஊராக இருந்தது. பின்னர் போர்க்காலம் வந்தது. ஊரடங்குச் சட்டம், சோதனைச் சாவடிகள், அடையாள அட்டை. மாலை ஆறு மணிக்குப்பின் வெளியே கால்வைத்தால் வீடு திரும்புவது நிச்சயமில்லை என்றிருந்த ஊரில் யார் காற்று வாங்கப் போவார்? இரவிலே சிறு ஓசைக்கும் எழுந்து உட்காரும் பழக்கம் அந்நாளில் எங்கள் உடம்பில் ஊறியது. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபின் கடலின் ஓசையே பலருக்கு அச்சமாயிற்று. போர் 2009இல் ஓய்ந்தது. ஆனால் கதவைச் சாத்தி உள்ளே இருந்துவிடும் வழக்கம் ஓயவில்லை. இந்நாட்டிலே 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே 100 பேரில் 12 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்களாய் இருந்தனர். அவர்களுள் எத்தனை பேர் இவ்வாறு செவியைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறார்களோ! அத்தகைய அச்சமெல்லாம் நடந்தாற் போய்விடும் என்று சொல்ல நான் துணியேன்.

ஐந்தாம் வாரம் வரை மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. ஆறாம் வாரத்தில் ஒரு நாள் விழித்தபோது பாங்கொலி கேட்டது. வள்ளங்கள் எப்போது போயின என்று தெரியவில்லை. அவற்றைக் கேளாமல் உறங்கியிருக்கிறேன் என்று உணரச் சற்று நேரம் சென்றது. மறுநாள் பழையபடி இரண்டு மணி. அதற்கு மறுநாள் மூன்றேகால். இவ்வாறு முன்னும் பின்னுமாகவே அது வந்தது. குளிசையை ஒரேயடியாக நிறுத்துவது கேடு என்பதால், மருத்துவரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாகக் குறைத்து, ஐந்தாம் மாதத்தில் விட்டேன்.

இடையிலே மாரி வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் கடற்கரையில் வடகீழ்ப் பருவக்காற்று அடிக்கும்போது நடப்பதாவது! மழை மூன்று நாள் விடாமற் பெய்தது. அந்த நாட்களில் விறாந்தையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நூறு தரம் நடந்தேன். கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுவதும் அமர்வதுமாகப் பத்துத் தரம், சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்பது சிறிது நேரம். அண்ணையும் குடையோடு வந்து சேர்ந்துகொள்வார். கிழவர் இருவர் கதிரையில் இருந்து எழுந்து எழுந்து அமர்வதைக் கண்டு அயல்வீட்டுச் சிறுவர் வயிறு குலுங்கச் சிரித்தனர். சாய்மனைக் கதிரைக்கும் ஒரு பயன் அன்றுதான் கண்டேன்.

ஓர் எச்சரிக்கையையும் என் பழைய மாணவரின் சார்பிற் சொல்லவேண்டும். உரத்த குறட்டையும் இடையிலே மூச்சு நின்று திணறுவதும் உள்ளவர், இரவிற் பலமுறை சிறுநீருக்காக எழுபவர், நெஞ்சுநோய் உள்ளவர், மனம் இருண்டு போனவர் ஆகியோர் முதலில் மருத்துவரிடம் போகவேண்டும். நடை எல்லாவற்றுக்கும் மருந்தாகாது.

புறநானூற்றிலே தொடித்தலை விழுத்தண்டினார் என்ற புலவரின் பாட்டு ஒன்று உண்டு. நீரை நோக்கித் தாழ்ந்த மருதமரக் கொம்பிலேறி, கரையிலுள்ளோர் வியக்க ஆழ்மடுவிலே குதித்து, அடிமணலை அள்ளிவந்து காட்டிய இளமை எங்கே என்று, தடியூன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே பேச வல்ல முதியவர் இரங்கும் பாட்டு. நாங்களும் சிறுவயதில் இறங்குதுறையிலிருந்து கடலுள் குதித்து மணல் அள்ளியவர்களே. படிப்பித்த காலத்தில் அப்பாட்டின் இரக்கம் என்னைத் தொட்டது. இப்போது அதைப் படிக்கையில், அந்தத் தடி கண்ணிற் படுகிறது. தடியை ஊன்றி அவர் எங்கோ நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். இது உரையாசிரியர் எவரும் கூறாத உரை, புலவர் மன்னிப்பாராக.

ஆறு மாதம் முடிந்தபோது மகள் வந்தாள். இரண்டு இரவு தங்கினாள். என் அறைக் கதவைத் திறந்து பார்த்திருக்கிறாள் என்பது காலையில் அவள் கூறித்தான் தெரியும். “நல்லாக் குறட்டை விடுறீங்கள் அப்பா” என்றாள். கொழும்புப் பேச்சு அவ்வளவில் நின்றது. பின்வாசலுக்கு ஒரு மின்விளக்கும், கிணற்றடிக்குப் போகும் வழியிலே பிடித்து நடக்க ஒரு குழாயும் பொருத்துவித்துவிட்டுப் போனாள்.

நேற்றிரவு இரண்டு முறை விழித்தேன். இரண்டாம் முறை மூன்று மணி. அதன்பின் உறக்கம் வரவில்லை. கொப்பியில் அதற்கு இடமில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும் இம்மாலையில் துறைமுகத்துக்கு மேலே மேகம் கறுத்து வருகிறது. ஐந்து மணியாகப் பத்து நிமிடம் இருக்கிறது. படலையடியிலே குடையைத் தட்டும் ஓசை கேட்கிறது.

“மாஸ்டர், வெளிக்கிட்டாச்சோ?”